சலூன்காரர் கொடுத்த தூக்கப் பொடி

காலை எட்டரை மணிக்கே கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். நாற்காலியில் லிஃப்ட் மெக்கானிக் கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். முகம் முழுக்க நுரை. சலூன்காரர் புது பிளேடு மாட்டி இடது கன்னத்தில் கத்தியை வைத்தார். வைத்த கையோடு வாயையும் திறந்தார்.

"கண்ணுக்குக் கீழ என்ன தம்பி இவ்வளவு கருப்பு? தூங்குறதே இல்லையா?"

நுரைக்குள்ளிருந்து "ம்" என்று மட்டும் வந்தது. பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களிடம் பேசுவது சலூன்காரருக்கு மிகவும் பிடிக்கும். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள் அல்லவா.

அந்தத் தெருவில் அவருக்கு 'அரை டாக்டர்' என்று ஒரு பெயர் உண்டு. வைத்தவர் கிண்டலுக்குத்தான் வைத்தார். சலூன்காரர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். பொடுகு, வாய்ப்புண், முதுகுவலி, ஏப்பம் என்று எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு வழி இருந்தது. அவர் சொன்னதில் பாதி பலித்தது. பலிக்காதவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டதால், எல்லாமே பலித்த மாதிரிதான் அவருக்குத் தோன்றியது. நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். இந்தக் கதையில் கெடுதல் நினைத்தவர் என்று ஒருவர்கூட இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"உனக்கு ஒண்ணு தர்றேன்" என்றார் சலூன்காரர், கத்தியைத் துண்டில் துடைத்தபடி. "ரெண்டே நாள்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவே."

காத்திருந்த மூவரும் கண்ணாடிக்கு மேலே இருந்த அலமாரியை நிமிர்ந்து பார்த்தார்கள். ஷாம்பு பாட்டில்களுக்குப் பக்கத்தில் வெள்ளை டப்பாக்கள் நான்கு இருந்தன. அவருடைய மச்சான் உடற்பயிற்சிக் கூடம் ஒன்று நடத்தி, ஆள் வராமல் இழுத்து மூடியபோது விட்டுப்போன சரக்கு அது. மொத்தம் பதின்மூன்று டப்பா. நாள் முழுக்க நின்று கால் கடுத்துத் தூக்கம் கெட்டிருந்த சலூன்காரர், முதல் டப்பாவைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். நன்றாகத் தூங்கினார். அன்றிலிருந்து தூக்கம் வராதவர்களைத் தேடித் தேடி இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தார்.

டப்பாவின் மேல் 'ட்ரிப்டோஃபான்' என்று எழுதியிருந்தது. அதைப் பற்றி அவர் செல்போனில் நாலைந்து வீடியோ பார்த்திருந்தார். காத்திருந்தவர்களிடம் ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினார்.

"இது மருந்து இல்ல. அமினோ அமிலம். புரதம் இருக்கு பாருங்க, அது இந்த மாதிரிச் சின்னச் சின்ன அமிலங்களால ஆனது. அதுல சிலதை உடம்பே செஞ்சுக்கும். இதைச் செய்யத் தெரியாது. சாப்பாட்டுல இருந்துதான் வரணும். பால், முட்டை, பருப்பு, மீன் எல்லாத்துலயும் இருக்கு. இதை வெச்சுத்தான் மூளை மனசை அமைதியா வெச்சுக்கற சரக்கைத் தயார் பண்ணுது. அதுலேர்ந்துதான் தூக்கத்துக்கான சரக்கும் வருது. நான் சொல்லல, விஞ்ஞானம் சொல்லுது."

அவர் சொன்னது அத்தனையும் சரி. பாதி தெரிந்தவர்களிடம் இருக்கும் ஆபத்தே, அந்தப் பாதி சரியாக இருப்பதுதான்.

"முடி வெட்ட வந்தவங்களை முடி வெட்டி அனுப்புங்க" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கடையின் பின்பாதியில் பெண்களுக்குப் புருவம் திருத்துபவர் அவருடைய மனைவி. நடுவில் தொங்கும் திரை பார்வையை மறைக்குமே தவிர, பேச்சை மறைக்காது. இருபது வருடமாக அவர் கடையின் முன்பாதியைக் காதாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சவரம் முடிந்தது. மெக்கானிக் கடைக்குப் பின்னால் வெளியே இருந்த குழாயடியில் முகம் கழுவும்போது, துண்டு கொடுக்க வந்த சலூன்காரரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே, நான் சாப்பிடற அந்த மாத்திரையோட இதைச் சாப்பிடலாமா?"

இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள, ஆறு வாரம் பின்னால் போக வேண்டும்.

ஒரு மாலை, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம். சலூன்காரரின் மனைவிகூட வீட்டுக்குப் போயிருந்தார். மெக்கானிக் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடியைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். ஏழு மாதத்துக்கு முன்பு அவருடன் வேலை செய்தவரின் கால் லிஃப்ட் கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி நசுங்கிப் போயிற்று. அவர் கத்தியதும் மெக்கானிக்தான் லிஃப்டை நிறுத்தினார். ஆனால் மூன்று நொடி தாமதம். அந்த மூன்று நொடி அவரை விடவே இல்லை. லிஃப்ட் குழிக் கதவைத் திறந்தாலே நெஞ்சு படபடத்தது. சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் இரண்டு பஸ் மாறிப் போய், தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊரில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார்.

"வீட்டுல அவளுக்குத் தெரியாதுண்ணே. சொன்னா பயந்துடுவா. ஆபீஸ்ல தெரிஞ்சா, என்னை ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சு நட்டு எண்ணச் சொல்லுவாங்க. மாத்திரையை டூல் பேக்ல ஃப்யூஸ் வெக்கற டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். இது உங்களோட இருக்கட்டும்."

"இந்த நாற்காலியில கேட்டது இந்த நாற்காலியை விட்டு எறங்காது தம்பி" என்றார் சலூன்காரர்.

அது வெறும் வார்த்தை இல்லை. யார் தலைக்குச் சாயம் பூசுகிறார், யாருடையது விக், யார் வீட்டில் யாரோடு பேச்சில்லை என்று அந்தத் தெருவின் பாதி ரகசியம் அவரிடம் இருந்தது. முப்பது வருடத்தில் ஒன்றைக்கூட அவர் வெளியே விட்டதில்லை. ஓயாமல் பேசுகிற மனிதர், பேசக் கூடாததை மட்டும் பேச மாட்டார். கத்தியைக் கழுத்தில் வைக்க விடுகிறவர்களுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தாக வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆக, குழாயடியில் மெக்கானிக் கேட்டபோது, அது எதற்கான மாத்திரை என்பது, எழுதிக் கொடுத்த டாக்டரைத் தவிர இரண்டே பேருக்குத்தான் தெரியும். கேட்டவருக்கு. கேட்கப்பட்டவருக்கு.

சலூன்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இது மருந்தே இல்லையே தம்பி. சாப்பாட்டுல இருக்கறதுதான். சோத்தையும் மாத்திரையையும் ஒரே வயித்துலதானே போடறோம்? நீ கொஞ்சம் கனமான ஆளு. ரெண்டு கரண்டி போட்டுக்கோ."

டப்பாவை எடுத்து, அகலமான வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்றைக் கிழித்து ஒட்டி, 'லிஃப்ட், இரவு 2 கரண்டி' என்று மார்க்கர் பேனாவால் எழுதினார். யாருக்குக் கொடுத்தாலும் அப்படி எழுதி ஒட்டித்தான் கொடுப்பார். டப்பா முழுக்கப் பெரிய பெரிய எழுத்தும் படமுமாக இருந்ததால், பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்த இடம்தான் அவருக்கு ஒட்டுவதற்குத் தோதாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து மெக்கானிக் மறுபடி சவரத்துக்கு வந்தார். கை லேசாக நடுங்கியது. வயிறு சரியில்லை என்றார். கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, தூக்கமும் வந்தபாடில்லை என்றார். மாத்திரையின் அளவை டாக்டர் போன வாரம்தான் கூட்டியிருக்கிறார் என்றும் மெதுவாகச் சொன்னார்.

"உடம்புல இருக்கற கழிவு வெளியேறுது. நல்ல அறிகுறி" என்றார் அரை டாக்டர். "மூணு கரண்டியாக்கு."

இரண்டு நாள் கழித்து, பகல் பதினொன்றரை மணிக்குக் கடைக்கு ஒரு போன் வந்தது. சலூன்காரர் அப்போது ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் மனைவி பேசினார்.

"அண்ணே, இவரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். காலையில வேலைக்குப் போன எடத்துல ஒரே நடுக்கமாம். சட்டையெல்லாம் நனைஞ்சு, ஏதேதோ பேசினாராம். அந்தக் கட்டட வாட்ச்மேன்தான் குழியில எறங்க விடாம பிடிச்சு உக்கார வெச்சிருக்காரு. இப்ப ஜுரம் அனலா கொதிக்குது. என்னைப் பார்த்து யாருன்னு கேக்கறாருண்ணே."

சலூன்காரரின் கையில் கத்திரிக்கோல் அப்படியே நின்றது.

"டாக்டர் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க, என்ன சாப்பிட்டாரு, ஏதாவது மாத்திரை எடுக்கறாரா, குடிப்பாரான்னு. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமே இல்ல. உங்ககிட்டதான் அவரு மனசு விட்டுப் பேசுவாரு. ஏதாவது சொன்னாராண்ணே?"

முப்பது வருடப் பழக்கம் அவருடைய நாக்கை முந்திக்கொண்டது.

"ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார்.

போனை வைத்துவிட்டு மறுபடி முடியை வெட்டப் போனார். காதோரம் வெட்ட வேண்டிய இடத்தில் உச்சியில் வெட்டினார். வெயிலாக இருக்கும், ஏதாவது காய்ச்சலாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நாற்காலியில் கேட்டதைச் சொல்லக் கூடாது என்பது ஒரு காரணம். அதன் பின்னால் இன்னொரு காரணமும் ஒளிந்துகொண்டு நின்றது. சொன்னால் பொடியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

திரையை விலக்கிக்கொண்டு மனைவி வந்தார். புருவம் திருத்தும் நூல் கழுத்தில் மாலை மாதிரி தொங்கியது.

"மெக்கானிக் தம்பிக்குத்தானே ஒடம்பு சரியில்ல? நீங்க அவருக்குப் பொடி குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன். அது சத்துப் பொடி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

மனைவி பதில் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். யாருக்கோ கொடுப்பதற்காகத் தயாராக ஒட்டுத்தாள் ஒட்டியிருந்த டப்பா. நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, தாளை உரித்து எடுத்தார். பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தார்.

"மனச்சோர்வுக்கான மாத்திரைகள் எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது." நிமிர்ந்து பார்த்தார். "நல்லவேளை. அந்தத் தம்பிக்கு அப்படி ஒண்ணும் இல்ல."

சலூன்காரர் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்து அந்த அம்மாள் பார்த்ததே இல்லை. அதனாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இருக்கா?"

"நாற்காலியில உக்காந்து சொன்னது" என்றார் சலூன்காரர். "வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நாற்காலியில கேட்டதை வெளிய சொல்லக் கூடாது, சரி. நாற்காலியில உக்காந்தவருக்கு மருந்து மட்டும் குடுக்கலாமா?"

சலூன்காரர் டப்பாவைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். சாவி கையிலேயே இருந்தது. நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தவர், "என் கதி என்ன?" என்று கேட்டார். சலூன்காரரின் மனைவி கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு, "நான் வெட்டறேன், ஆடாம உக்காருங்க" என்றார்.

அவசரப் பிரிவின் நீளமான நடையில், சுவரோரம் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் கணவரின் பூட்ஸ். காலடியில் டூல் பேக். கண்ணாடிக் கதவுக்குள்ளே மெக்கானிக் கட்டிலில் கிடந்தார். நெற்றியில் ஈரத்துணி வைத்திருந்தார்கள். கால்கள் தானாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

பணியில் இருந்த டாக்டர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார் என்று முகம் சொன்னது. சலூன்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அவரிடம் போனார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததில் ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

"டாக்டரம்மா, இவரு மனசுக்கு மாத்திரை சாப்பிடறாரு. ஆறு வாரத்துக்கு மேல ஆச்சு. போன வாரம் அளவைக் கூட்டியிருக்காங்க. அதுக்கு மேல நான் இதைக் குடுத்தேன்." டப்பாவை நீட்டினார். "ரெண்டு கரண்டி சொன்னேன். அப்புறம் மூணு சொன்னேன்."

டாக்டர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். "நீங்க யாரு?"

"சலூன் வெச்சிருக்கேன்."

டாக்டர் கோபப்பட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "மாத்திரை பேர் என்ன?"

"பேர் தெரியாது. டூல் பேக்ல, ஃப்யூஸ் டப்பாவுல இருக்கு."

பின்னாலேயே வந்து நின்ற மெக்கானிக்கின் மனைவி திரும்பிப் போனார். பெஞ்சின் முன்னால் தரையில் உட்கார்ந்து டூல் பேக்கைத் திறந்தார். ஸ்பேனர்களையும் கிரீஸ் படிந்த கையுறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அடியில் சின்னத் தகர டப்பா. அதற்குள் ஃப்யூஸ் எதுவும் இல்லை. பாதி தீர்ந்த மாத்திரை அட்டைதான் இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்தார். பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு இவ்வளவு பெரிய பாரம் இருந்ததைத் தான் பார்க்கவில்லையே என்ற வேதனை அவருக்கு. பிறகு எழுந்து வந்து டாக்டரிடம் கொடுத்தார்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். மெக்கானிக்கின் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளினார். பாதம் நிற்காமல் துடித்தது. "வெறும் ஜுரத்துல இப்படித் துடிக்காது. இதான் எனக்கு ஆரம்பத்துலேர்ந்து இடிச்சுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டார். கேஸ் தாளில் தானே எழுதியிருந்த ஒரு ஊசியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். வேறு இரண்டு மருந்துகளை எழுதினார்.

அரைமணி நேரம் கழித்து, நடைக்கு வந்து இருவரிடமும் பேசினார்.

"ட்ரிப்டோஃபான் கெட்டது இல்ல. அது இல்லாம நாம இருக்கவே முடியாது. ஒழுங்காச் சாப்பிடற பெரும்பாலானவங்களுக்குத் தேவையானது சாப்பாட்டுலயே கிடைச்சிடும். அதை வெச்சு மூளை, மனசை அமைதியா வெக்கற செரட்டோனின்னு ஒண்ணு செய்யுது. இவர் சாப்பிடற மாத்திரை, அந்த செரட்டோனின் சீக்கிரம் வடிஞ்சு போயிடாம நிறுத்தி வெக்கும். அதான் அதோட வேலை. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க, இந்தப் பக்கம் குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டீங்க. அந்தப் பக்கம் வடிகாலை மாத்திரை பிடிச்சு வெச்சிருக்கு. தொட்டி வழிஞ்சிடுச்சு. அதான் இந்த நடுக்கம், ஜுரம் எல்லாம்."

"பிழைச்சுக்குவாரா?" என்று கேட்டார் மெக்கானிக்கின் மனைவி.

"ரெண்டையும் நிறுத்தியாச்சு. ஜுரத்தைக் குறைக்கறோம். இப்பவே நாடி கொஞ்சம் அடங்கியிருக்கு. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும்." டாக்டர் சலூன்காரரைப் பார்த்தார். "வலியில முனகறாரேன்னு ஒரு ஊசி எழுதி வெச்சிருந்தேன். அந்த ஊசியும் செரட்டோனினை ஏத்தும். இன்னும் பத்து நிமிஷம் தாமதமா வந்திருந்தீங்கன்னா, அதைப் போட்டிருப்பேன். நீங்க குடுத்தது பெரிய தப்பு. வந்து சொன்னது பெரிய உதவி. ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்குங்க."

சலூன்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். தொலைபேசியில் பொய் சொன்னதை மெக்கானிக்கின் மனைவி கேட்பார் என்று காத்திருந்தார். அவர் கேட்கவில்லை. அதனால் தானே சொன்னார். "நீ போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சே இல்லைன்னு சொன்னேன். அரைமணி நேரம் வீணாக்கிட்டேன்."

"அப்புறம் வந்தீங்கல்ல" என்றார் அவர். மன்னித்த குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மெக்கானிக் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்து, "வேலைக்கு லீவு சொன்னியா?" என்று கேட்டார். அந்த அம்மாள் அதுவரை அழாதவர், அதற்கு அழுதார். முன்தினம் தன்னை யாரென்று கேட்ட மனிதர், இப்போது லீவைப் பற்றிக் கவலைப்படுகிறார். அதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும். ஜுரம் விட்டிருந்தது. கால் துள்ளல் நின்றிருந்தது. விரல்களில் மட்டும் மெல்லிய நடுக்கம் மிச்சம் இருந்தது.

கட்டிலின் மறுபக்கம் சலூன்காரர் நின்றிருந்தார்.

"நாற்காலியை விட்டு எறங்காதுன்னு சொன்னீங்களேண்ணே."

"எறங்கிடுச்சு தம்பி. மன்னிச்சிடு."

மெக்கானிக் மனைவியின் கையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு. எத்தனை நாள் ஃப்யூஸ் டப்பாவைத் தூக்கிட்டு அலையறது."

"மாத்திரை சாப்பிட்டதுக்கு எனக்குக் கோபம் இல்ல" என்றார் மனைவி. "பல்லுவலின்னா என்கிட்ட சொல்றீங்க. முதுகுவலின்னா தைலம் தேய்ன்னு சொல்றீங்க. இதை மட்டும் முடி வெட்டறவருகிட்ட போய்ச் சொல்லிட்டு வர்றீங்களே, அதுக்குத்தான் கோபம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வார்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நர்ஸ் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே சலூன்காரர், தன்னிடம் பொடி வாங்கியவர்களின் வீடு வீடாகப் போனார். கடையை மூடிவிட்டு இரண்டு நாள் அலைந்தார். கொடுத்த டப்பாக்களைத் திரும்ப வாங்கினார். "மனசுக்கு ஏதும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பொடி வாங்கியிருந்த பேங்க் காவலரிடமும், அவர் வேலை பார்க்கும் வாசலிலேயே அப்படித்தான் கேட்டார். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் இருக்கும் வாசல் அது. "எனக்கெதுக்கு மனசுக்கு மாத்திரை?" என்றார் காவலர், மீசையைத் தடவியபடி. "பொடி தீர்ந்துடுச்சு, டப்பாவைக் குப்பையில போட்டுட்டேன்." சலூன்காரர் நிம்மதியாகத் திரும்பி வந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். கேட்ட இடம்தான் சரியில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் கடைக்கு வந்தார். முகம் வற்றியிருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காவலரும் அதில் ஒருவர். சலூன்காரர் மெக்கானிக்கை நாற்காலியில் உட்கார வைத்துத் துணியைப் போர்த்தினார்.

"ஆஸ்பத்திரியில இருந்தீங்களாமே, என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டார்.

"சாதாரண ஜுரம்தான்" என்று சலூன்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார். அவருக்கு அது காப்பாற்றுகிற எண்ணம்.

"ஜுரம் இல்லைங்க" என்றார் மெக்கானிக். கண்ணாடியில் எல்லோர் முகமும் தெரிந்தது. "கூட வேலை செஞ்சவருக்கு அடிபட்டதைப் பார்த்ததுலேர்ந்து மனசு சரியில்லாம இருந்தேன். அதுக்கு மாத்திரை சாப்பிடறேன். சாப்பிடறதை மறைச்சேன். மறைச்சுக்கிட்டே மேல ஒரு பொடியைச் சாப்பிட்டேன். ரெண்டும் ஒண்ணு சேர்ந்து ஆளையே கவுத்துடுச்சு. பொடியை விட்டாச்சு. மாத்திரையை டாக்டர் பார்த்து மறுபடி குறைவா ஆரம்பிச்சிருக்காரு. ஆபீஸ்லயும் சொல்லிட்டேன். ரெண்டு வாரம் கீழ வேலை, அப்புறம் டாக்டர் லெட்டர் குடுத்தா பழையபடி குழியில எறங்கலாம்னு சொல்லிட்டாங்க. நட்டு எண்ணச் சொல்லல."

யாரும் ஒதுங்கி உட்காரவில்லை. யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டவர், "எனக்கும் ஒரு வருஷம் தூக்கமே இல்லாம கிடந்தது" என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

காவலர் எழுந்தார். வெளியே போகப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் தன் தோள்பையைத் திறந்து வெள்ளை டப்பாவை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். மூடியின் சீல் பிரிக்கப்படாமல் இருந்தது.

"பொடி தீரலைங்க. நான் பொய் சொன்னேன்." அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நாலு வருஷமா நானும் அந்த மாதிரி மாத்திரைதான் சாப்பிடறேன். வீட்டுல ரத்த அழுத்தத்துக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க அன்னைக்குப் பேங்க் வாசல்ல வெச்சு எல்லார் முன்னாலயும் கேட்டீங்க. இல்லைன்னு சொல்லிட்டேன். தூக்கம் வராததால, அரைக் கரண்டி மட்டும் போட்டுப் பார்க்கலாம்னு இன்னைக்குத்தான் எடுத்து வெச்சேன்."

சலூன்காரர் கையிலிருந்த சீப்பை வைத்தார். மெக்கானிக் இன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், தான் 'சாதாரண ஜுரம்' என்று மூடி மறைத்தது நிலைத்திருந்தால், நாளைக்கு இன்னொரு மனைவி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் காவலரின் தோளைப் பிடித்து, தன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் அவரை உட்கார வைத்தார்.

"நாளைக்கு உங்க டாக்டரைப் பார்த்து, தூக்கம் வரலைன்னு சொல்லலாம். நானும் கூட வர்றேன்" என்றார்.

காவலர் தலையசைத்தார். முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு மூச்சை முழுசாக இழுத்து விட்டவர் போல இருந்தார்.

சலூன்காரர் கடையில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினார். அவர் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. ஆனால் இந்த முறை ஒவ்வொரு வார்த்தையையும் நிதானித்துச் சொன்னார்.

"சத்துன்னு சொல்லி யார் எதைக் குடுத்தாலும், அது நானாவே இருந்தாலும், நேரா வாயில போட்டுக்காதீங்க. ஏற்கெனவே சாப்பிடற மாத்திரை என்னன்னு டாக்டர்கிட்ட சொல்லிக் கேட்டுட்டு அப்புறம் போடுங்க. மனசுக்கு மருந்து சாப்பிடறதுல ஒரு வெக்கமும் இல்ல. அதை மறைக்கறதுதான் ஆபத்து. மறைக்கற மாதிரி அவங்களைக் கூச வெக்கற நம்ம எல்லாருக்கும் அதுல பங்கு இருக்கு."